பஸ் டிரைவர் வாசித்த கம்ப்யூட்டர் புத்தகம்

மருந்துக் கிடங்கின் கணக்குப் பிரிவில் அவளை விட்டால் ஆளில்லை என்று பேர். இருப்புக் கணக்குக்கான கம்ப்யூட்டர் நிரல்களை எல்லாம் எழுதியவள் அவள்தான். நாற்பது வயதில் பார்வையின் நடுப்பகுதி மங்கத் தொடங்கியது. "இருக்கிறதைக் காப்பாத்தலாம். போனது திரும்பாதும்மா" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதே வருஷம் அலுவலகம் பழைய நிரல்மொழியைக் கைவிட்டுப் புதியதற்கு மாறியது. பட்ட காலிலேயே பட்டது.

எதையும் புத்தகத்தில் கோடு போட்டுப் படித்தே பழகியவள். புது மொழியைக் கற்கத் தலையணை தண்டிக்கு ஒரு புத்தகம் வாங்கி வந்தாள். வாசித்துக் காட்டக் கணவர்தான். அவர் பஸ் டிரைவர். வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்வார்.

"அடைப்புக்குறி, மேற்கோள், புள்ளி... என்னடி இது, பாடமா, இல்ல யாராவது சாபம் விடுறானா?"

அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். கண் மங்கியதிலிருந்து அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அப்போது மட்டும்தான்.

ஆனால் அவள் எழுதிய நிரல் எதுவும் ஓடவில்லை. அந்த மொழியில் வரிக்கு முன்னால் விடும் வெற்றிடத்துக்கும் அர்த்தம் உண்டு. ஒன்றுமில்லாத இடத்தை அவர் எப்படி வாசிப்பார்? விஷயம் தெரிந்ததும் வெடித்தாள்.

"புரியலன்னா புரியலன்னு சொல்லுங்க. உங்களை நம்பி என் வேலையே போயிடும்போல!"

மறுநாளிலிருந்து அவர் "நாலு வெற்றிடம்" என்று அதையும் சேர்த்து வாசித்தார்.

அந்த வாரம் கூட வேலை பார்க்கும் பெண் போனில் சொன்னாள்: "அக்கா, புத்தகமே வேணாம். விளக்கமெல்லாம் அந்த மொழிக்குள்ளயே இருக்கு. 'ஹெல்ப்'னு அடிங்க, வர்றதை மெஷினே வாசிச்சிடும்."

வாசித்தது. வெற்றிடத்தை விடாமல், கொட்டாவி விடாமல், கேட்டதை மட்டும். அன்று மாலை ஹெட்போனோடு இருந்தவள், அவர் எதிரே வந்து உட்கார்ந்ததை வெகுநேரம் கழித்தே கவனித்தாள். மடியில் புத்தகம் மூடியே இருந்தது.

"நீ பாரும்மா" என்று எழுந்து போனார்.

வேலை நிலைத்தது. அவர் டிப்போவிலிருந்து தாமதமாக வர ஆரம்பித்தார்.

ஒரு விடுமுறை நாளில் மனசு கேட்காமல், "என்னங்க, கொஞ்சம் வாசிங்களேன்" என்றாள். அரைப் பக்கம் வாசித்தவர் நிறுத்தினார்.

"இது உனக்குத் தெரியும்ல?"

பொய் வரவில்லை. "தெரியும்."

"அப்புறம் எதுக்குடி?"

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பாள். அவர் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, "கடைக்குப் போறேன், ஏதாவது வேணுமா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வேணாங்க" என்றாள்.