பொடி விழாத மூலை

காய்ந்த பாறையைக் கல்லுடைக்கும் கிரஷரின் இரும்புத் தாடை கடிக்கும்போது, தீக்குச்சி உரசியதுபோல ஒரு வாசனை எழும். இன்று பக்கத்து வீட்டில் யாரோ டைல்ஸ் அறுக்க, அந்த வாசனை வந்து முகத்தில் அறைந்தது. கூடவே ராஜம்மா அக்காவின் நினைவும்.

தொண்ணூறுகளில் பெருங்கடவிளைக்கு அப்பால் ஒரு கிரஷரில் நான் ஃபிட்டர். அக்கா கன்வேயரில் மண்கட்டி பொறுக்குவாள். அவளுக்கு இருமல் உண்டு. நெஞ்சைக் காப்பாற்றத்தான் மதியச் சோற்றோடு சல்லடைக்குப் பின்னால் ஒரு மூலைக்குப் போவாள். பாறைக்கும் தகரச் சுவருக்கும் நடுவே அங்கே காற்று ஓயாமல் சுழலும். சுற்றிலும் பொடி வெள்ளைத் திரையாக நிற்கும்; நடுவில் ஓர் ஆள் இருக்கும் அளவுக்குக் கண்ணாடித் தெளிவு.

"இது நம்ம சர்ச்சாக்கும் மக்கா. சோத்துல ஒரு பொடி விழாது" என்பாள்.

ஒருநாள் மதியம், மெஷின் ஓடிக்கொண்டிருக்க, அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்காவின் பக்கத்தில் நின்று அந்தத் தகரத்தில் துருவேறிய போல்ட் ஒன்றைக் கழற்றினேன். ஓட்டை வழியே வெயில் கம்பிபோலப் பாய்ந்து அக்காவின் முகத்தில் விழுந்தது.

தெளிவு என்று அங்கே எதுவும் இல்லை. புகையைவிட மெல்லிய ஏதோ ஒன்று அவளைச் சுற்றி மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் மூச்சை இழுத்தாள். அது மூக்கை நோக்கி நீண்டது. விட்டாள், வெளியே வந்தது. போனதைவிட வந்தது குறைவாகத் தோன்றியது.

உள்ளங்கையால் ஓட்டையை மூடினேன். மூலை சுத்தமானது. கையை எடுத்தேன். அது அங்கேயே இருந்தது.

"எக்கா, எழும்பி வாங்க!"

அவள் கையை வீசினாள். அது விலகி, கை போன இடத்தை மறுபடி மூடிக்கொண்டது.

"கர்த்தாவே, இவ்வளவு நாளும் எனக்க கூட இருந்து சோறு தின்னது இதா?"

கனத்த துகளால் காற்றோடு வளைய முடியாது. நேரே பாய்ந்து சுழலின் விளிம்புக்குப் போய்விடும். மெல்லியது காற்று திரும்பும் வழியெல்லாம் திரும்பும், நடுவிலும் தங்கும். நெஞ்சின் அடிவரை இறங்குவதும் அதுதான்.

முதலாளியிடம் சொன்னேன். "எலே, காணுற பொடிக்குத் தண்ணி அடிக்கோம்லா? காணாத பொடிக்கு நான் எங்க போவேன்?" என்றார். மூலைக்குக் குறுக்கே நானே கயிறு கட்டினேன்.

நெய்யாற்றின்கரையில் அக்காவுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். இனி கல்பொடிப் பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர். தெளிவாகத் தெரியும் இடங்களில் நான் மூச்சைப் பிடித்துக்கொள்ளப் பழகியது அப்போதுதான்.

தன் பாத்திரத்தை எடுத்துப்போக வந்த அக்காவை கேட் வரை கொண்டுவிட்டேன். "வாறேன் மக்கா" என்று திரும்பியவள் நின்றாள். புதிதாகச் சேர்ந்த சரோஜா, முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி, கயிற்றுக்கடியில் குனிந்து அந்த மூலைக்குள் நுழைந்துகொண்டிருந்தாள்.

இருமலுக்கு நடுவே அக்கா கத்தினாள்:

"ஏட்டி, அங்க இரிக்காத! பொடி தெரியுற இடத்துல வந்து இரி!"