பன்றி இறைச்சி வியாபாரி காப்பாற்றிய சோறு

எங்கள் கோயிலின் வெள்ளிக்கிழமை மத்தியானச் சோற்றைக் காப்பாற்றியவர் ஒரு பன்றி இறைச்சி வியாபாரி. மச்சம் மாமிசம் தொடாத நான் இதை எழுதும்போது கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன். சிரிப்பும் வருகிறது.

லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி அயர்லாந்து மனுசி. தாதியாக இருந்து ஓய்வுபெற்றவர், தனியாள். வெள்ளிதோறும் எங்களோடு கோயிலுக்கு வந்து பந்தியில் இருந்து சாப்பிடுவார். கிழமையில் அந்த ஒரு நாள்தான் அவருக்குத் துணையோடு சாப்பாடு. நிர்வாகசபையோ, சமைத்த குசினியைத் துப்புரவாக்குவது கரைச்சல் என்று, சோற்றை நிறுத்தி ஜூஸ் பெட்டி கொடுக்கத் தீர்மானம் கொண்டுவந்தது. சோறு வேண்டுமென்ற எங்கள் பக்கம் ஆள் குறைவு.

அயர்லாந்து மனுசியிடம் சொன்னேன். தன் வீட்டுச் சுவரிலிருந்த படம் ஒன்றைக் காட்டினார். விக்டோரியா மகாராணி காலத்து அயர்லாந்து அரசியல்வாதி. பெல்ஃபாஸ்டில் பன்றி இறைச்சி வியாபாரம் செய்து, பிறகு இங்கே லண்டன் பாராளுமன்றத்துக்கு வந்தவராம். கூன் முதுகு, பேச்சாளருமில்லை. ஆனால் தன் நாட்டைக் கவனியாத சபையை வேறு வேலை பார்க்க விடமாட்டாராம். அரசாங்க அறிக்கைகளை மணிக்கணக்காக வாசிப்பாராம். கேட்கவில்லை என்று சபாநாயகர் சொன்னதும், கிட்டப் போய், திரும்ப முதலிலிருந்து தொடங்கப் பார்த்தாராம். இப்படிப்பட்டவர்களால் சபை தன் விதிகளையே மாற்றவேண்டி வந்ததாம். சாகும்வரை அவர் எம்.பி.தான்.

ஆண்டுக்கூட்டம் வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட மண்டபத்தில். நாலு மணிக்கு மண்டபத்தைப் பூட்டித் திறப்பைக் கொடுக்கவேண்டும். அதற்குள் வாக்கெடுக்காவிட்டால் தீர்மானம் அடுத்த வருடம்தான். மூன்றேகாலுக்கு எழும்பி, கோயில் கட்டிய கதையைத் தொடங்கினேன்.

"அண்ணை, சுருக்கமாச் சொல்லுங்கோ," என்றார் தலைவர்.

"ஓம் தம்பி, இப்பத்தான் அத்திவாரத்திலை நிக்கிறன்."

பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஒண்டும் கேக்கேல்லை!" என்று கத்தினார்.

எனக்குத் தேன் குடித்த மாதிரி. "கேக்கேல்லையோ? அப்ப முதல்லயிருந்து சொல்லுறன்."

மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்று நாற்பதுக்குக் கதை தீர்ந்துபோனது. இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பிள்ளையாரே என்று கண்ணை மூடிப் பதிகம் ஒன்றை எடுத்தேன். சபை முழுக்க எழுந்து கைகூப்பியது, தலைவரும்தான். பதிகத்தை இடையில் நிறுத்தச் சொல்ல எங்கள் ஆட்களில் எவருக்கு வாய் வரும்? ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் பாடினேன். ஏழாவது பாட்டு முடிய, காவலாளி கதவடியில் திறப்புக் கோர்வையைக் கிலுக்கினான். நாலு மணி; வாக்கெடுப்பு நடக்கவில்லை.

வெளியே தலைவர் மறித்தார். "அண்ணை, உது பக்தியோ, சுத்துமாத்தோ?"

"ரெண்டும்தான் தம்பி."

ஆனாலும் பாதியில் விட்ட பதிகம் மனதை உறுத்தியது. வெள்ளிக்கிழமை, சோறு போடுமுன், மிச்ச மூன்று பாட்டையும் சந்நிதியில் நின்று பாடினேன். மனுசி தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றார். ஒன்பதாவது பாட்டில் காதுக்குள் சொன்னார்: "கூட்டம் முடிந்துவிட்டது. இனி நிறுத்தலாம்."