எனக்கு அவசரம், அவனுக்கு ஒன்பது வயது

இரண்டாம் உலகப் போர் தொடங்கி ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. மதுரையில் சிம்மக்கல் பக்கம் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தோம். ஐப்பசி மழை கொட்டி ஓய்ந்து, வைகையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இது நடந்தது. எனக்கு இப்போது எண்பது கடந்துவிட்டது. அன்றைக்கு என்னைத் தடுத்த மனைவி இன்று இல்லை. மகனிடம் இதைப் பற்றி நான் ஒரு நாளும் பேசியதில்லை. எங்கேயாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

நான் உயர்நிலைப் பள்ளி ஆசிரியனாக இருந்தவன். பி.ஏ. முடித்து, சென்னையில் எல்.டி. என்ற ஆசிரியர் பயிற்சியும் பெற்றேன். அந்தப் பயிற்சியில் குழந்தை வளர்ச்சி ஒரு பாடம். உடம்பு ஒரு கதியில் வளரும், அறிவு வேறொரு கதியில் வளரும், நாலு பேரோடு பழகும் பக்குவம் தன் போக்கில் வரும்; ஒன்றை வைத்து மற்றதை எடை போடக் கூடாது என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி, நல்ல மார்க்கும் வாங்கினேன். அதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மேலே சொல்ல வேண்டும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

மூத்த மகன் சமயநல்லூருக்கு அருகே என் மாமனார் ஊரில் பிறந்தான். முதல் பிரசவம் என்பதால் மனைவி சில மாதங்கள் தாய் வீட்டிலேயே இருந்தாள். சனிக்கிழமை மதியம் ரயிலேறி சமயநல்லூரில் இறங்கி, வாய்க்கால் கரையோடு நடப்பேன். பச்சை நெல்லின் வாசனையும் போய்ப் பார்க்கப் போகிற அந்த முகமும் எனக்கு இன்றைக்கும் சேர்ந்தேதான் ஞாபகம் வருகின்றன. ஒவ்வொரு வாரமும் ஒரு புது வித்தை காத்திருக்கும். ஒரு வாரம் கழுத்து நின்றிருக்கும். இன்னொரு வாரம் என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுப்பான். அதற்கடுத்துப் போகும்போது குப்புற விழுந்து, தலையைத் தூக்கி, நான்தான் தாமதமாக வந்தவன் போல என்னைப் பார்ப்பான்.

"அப்பா வார வரைக்கும் பொறுத்துக்கடான்னா கேக்கவே மாட்டேங்குறான்" என்று அவள் என்னிடம் புகார் சொல்வாள்.

முதல் பல் முளைத்தபோது கொழுக்கட்டை அவித்து அவன் தலைமேல் சொரிந்தார்கள். உருண்டு வந்த ஒன்றைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டு, யார் கேட்டும் தர மறுத்துவிட்டான். பத்தாம் மாதமே நடந்தான். என் புத்தகத்தில் போட்டிருந்த மாதக் கணக்கையெல்லாம் அவன் தாண்டிக்கொண்டே போனான். திங்கட்கிழமை ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் நான் சொல்லும் முதல் செய்தி அதுவாகத்தான் இருக்கும். பிள்ளை வளர்வதை ரசித்தேனா, முந்துவதை ரசித்தேனா என்று அப்போது என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை.

நல்ல வளர்த்தியான உடம்பு அவனுக்கு. நாலு வயதில் பார்க்கிறவர்கள் ஆறு என்பார்கள். அந்த விஜயதசமிக்கு அவனைப் பக்கத்து ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். பிறந்த தேதியை யாரும் எழுதிவைக்காத காலம். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது முடிந்தது என்று முடிவு. இவன் தொட்டதோடு நிற்காமல், மடலைப் பிடித்து இழுத்தும் காட்டினான்.

"வாத்தியார் வீட்டுப் பிள்ளையாச்சே! தொடச் சொன்னா திருகவே திருகுறான்" என்று தலைமையாசிரியர் சிரித்தார். ஐந்து முடிந்தது என்று எழுதிக்கொண்டார். அவனுக்கு நாலுதான் என்று தெரிந்த நான், பக்கத்தில் நின்று நானும் சிரித்தேன். "பால்குடி மறந்து இன்னும் ஒரு வருஷம் ஆகலை. எம்புட்டு அவசரம் உங்களுக்கு?" என்றாள் மனைவி. கெட்டிக்காரப் பிள்ளையை வீட்டில் உட்காரவைப்பது பாவம் என்று பதில் சொன்னேன்.

உண்மையிலேயே கெட்டிக்காரன்தான். வாய்ப்பாடு, செய்யுள் எல்லாம் ஒரு தடவை கேட்டால் ஒப்பிப்பான். மூன்றாம் வகுப்பில் அவனுக்கு இரண்டு கூட்டாளிகள் கிடைத்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே பம்பரம். முறை வைத்துச் சுற்றுவார்கள், சண்டை போடுவார்கள், அரை மணி நேரம் பேசாமல் இருப்பார்கள், மறுபடி சேர்ந்துகொள்வார்கள். அந்தச் சத்தம் மாலையில் எங்கள் சந்து முழுக்கக் கேட்கும். அந்த வருஷக் கடைசியில் நானே போய்த் தலைமையாசிரியரிடம் டபுள் பிரமோஷன் கேட்டேன். நாலாம் வகுப்பே இல்லாமல் ஐந்தில் போடுவதாக ஏற்பாடு.

"நான் என் கூட்டாளிகளோடயே இருக்கேன்ப்பா" என்று அழுதான்.

"அவங்களும் பின்னாலேயே வருவாங்கடா" என்றேன். அது பொய் என்று அவனுக்குப் புரிய ஒரு வருஷம் பிடித்தது.

ஒன்பது வயதில் அவன் இரண்டாம் பாரத்தில் இருந்தான். இன்றைய ஏழாம் வகுப்பு. நான் வேலை பார்த்த பள்ளியேதான். கூடப் படித்தவர்களுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. சிலருக்கு மீசை அரும்பியிருந்தது. உயரத்தில் இவன் அவர்களுக்குச் சமம். ஆனால் அவர்கள் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரிக்கும்போது இவனும் சிரிப்பான், சற்றுப் பிந்தி. என்ன என்று புரியாத சிரிப்பு. தாழ்வாரத்தில் போகும்போது நான் அதைப் பார்த்திருக்கிறேன். "பாப்பா, பால் குடிச்சியா?" என்று ஒருவன் கேட்டதையும் கேட்டிருக்கிறேன். மார்க் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. அதனால் மற்றது எதுவும் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

மாலையில் சந்தில் சின்னப் பிள்ளைகள் கோலி விளையாடுவார்கள். அவன் வயதுதான் அவர்களுக்கும். ஒரு நாள் அவர்களோடு மண்டியிட்டு உட்கார்ந்திருந்தவனை ஜன்னல் வழியாகப் பார்த்து, "தடிமாடு மாதிரி வளர்ந்துட்டு, பொடிசுகளோட என்னடா விளையாட்டு?" என்று கத்தினேன். எழுந்து வந்துவிட்டான். அதற்குப் பிறகு மாலை நேரத்தில் வாசற்படியில் புத்தகத்தோடு நிற்பான். வயசுக்கு மீறின அடக்கம் என்று தெருவில் எல்லாரும் மெச்சினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், மனைவி ஈர ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போவதைப் பார்த்தேன். அவன் படுக்கையில் போய்விடுகிறான், அதை அவள் சில மாதங்களாக எனக்குத் தெரியாமல் மறைத்து வருகிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டு வயதிலேயே விட்டுவிட்ட பழக்கம் திரும்பி வந்திருக்கிறது. ஏன் என்று ஒரு தகப்பன் கேட்டிருக்க வேண்டும். எனக்கு வந்ததோ கோபம், என் பிள்ளை பின்னால் போகிறானே என்ற கோபம். அவனைக் கூப்பிட்டு, அதைத் தலையில் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போய் நீயே அலசிக் காயவைத்துக் கொண்டுவா என்றேன்.

"வேணாங்க. தெருவே பாக்கும்" என்றாள் அவள்.

"பாக்கட்டும். வெக்கம் வந்தா தானா நிக்கும்."

"பயத்துல வாரதுங்க அது. வெக்கத்துலயா நிக்கும்?"

நான் கேட்கவில்லை. அவன் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு போனான். வழியில் அவன் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் வீடு இருந்தது எனக்குத் தெரியும்.

வெயில் ஏறியது. அவன் வரவில்லை. தெருவில் போன யாரோ, மழையில் ஆற்றுக்குள் பள்ளம் பறித்துக் கிடப்பதாகச் சொன்னார்கள். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். யானைக்கல் பக்கம் இறங்கியதும் மணலில் எங்கள் ஜமுக்காளம் தெரிந்தது. நன்றாக அலசி, சுருக்கமில்லாமல் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்திருந்தான். ஆள் இல்லை. அதற்கு அப்பால் கலங்கிய தண்ணீர் சுழித்துப் போய்க்கொண்டிருந்தது.

துணி வெளுத்துக்கொண்டிருந்தவர்களிடம் ஓடி, "ஒம்பது வயசுப் பையன், இந்தப் பக்கம் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"பொடிப் பையன் யாரும் வரலீங்களே ஐயா" என்றார் ஒருவர்.

"நல்லா யோசிச்சுப் பாருங்க. சின்னப் பையன். ஒம்பது வயசுதான்!"

"சின்னப் பையன் வந்தா நாங்க தண்ணியில இறங்க விடுவமா? வரலைங்கய்யா."

அத்தனை வருஷமாக ஊரெல்லாம் அவனைப் பெரியவன் பெரியவன் என்று காட்டியவன் நான். இப்போது அவன் சின்னவன் என்று கெஞ்சுகிறேன், ஒருவரும் நம்பவில்லை. கடைசியில் ஜமுக்காளத்தைக் காட்டிக் கேட்டேன்.

"அட, அந்தப் பையனா! அவனையா ஒம்பதுங்குறீங்க? மீசைதான் இல்லை" என்று பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். "சைக்கிள் வளையம் உருட்டிக்கிட்டு நாலு வாண்டுக வந்துச்சுக. அதுக பின்னால நெல்பேட்டைப் பக்கம் ஓடுனான்."

ஜமுக்காளத்தை அங்கேயே விட்டுவிட்டு நானும் அந்தப் பக்கம் ஓடினேன்.

நெல்பேட்டையில் இரண்டு மூன்று சந்து சுற்றினேன். ஒரு வீட்டின் முன்புறம் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற ஒரு முஸ்லிம் பெரியவர் உலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் பாதி திறந்த கதவு. உள்ளே முற்றத்தில் பிள்ளைகள் கத்தும் சத்தம். எட்டிப் பார்த்தேன்.

நொண்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். என் மகன் ஒற்றைக்காலில் குதித்துக் குதித்து, தன் இடுப்பளவே இருந்த ஒரு சிறுமியைத் துரத்திக்கொண்டிருந்தான். சட்டை நனைந்து, பொத்தான் திறந்து கிடந்தது.

"காலை ஊனிட்ட! நீ அவுட்டு!" என்று அவள் கத்தினாள்.

"ஊனவே இல்ல!"

"நான் பாத்தேன். பொய் சொன்னா நாக்கு அழுகிரும்!"

"நீதான் கோட்டைத் தாண்டுன! கள்ளாட்டம்! உனக்குத்தான் அழுகும்!"

நாக்கை நீட்டிக் காட்டினான். அவளும் நீட்டினாள். இரண்டு பேரும் அப்படியே நின்று சிரிக்க ஆரம்பித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டச் சிரித்தான். அந்தக் குரல் எங்கள் வீட்டில் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. மெல்லிய, பச்சைப் பிள்ளைக் குரல்.

அங்கேயே நின்றிருக்கலாம். திரும்பி வந்து ஆற்றங்கரையில் காத்திருந்திருக்கலாம். நான் கதவைத் தள்ளினேன்.

என்னைப் பார்த்ததும் அவன் தூக்கிய கால் தரையில் ஊன்றியது. முதலில் சட்டைப் பொத்தானைப் போட்டான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் ஒன்றும் இல்லாமல் என் முன்னால் வந்து நின்றான். "ஏய், போகாதடா! நீதான் பிடிக்கணும்" என்று அந்தச் சிறுமி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் அசையவில்லை.

பெரியவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க தம்பிக்கு வாத்தியாருங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"ஆமா பாய்" என்றேன். அது உண்மைதான். ஆனால் அவன் காதில் அது விழுந்தது.

"ஞாயித்துக்கெழமைதானே சார், இன்னும் செத்த நேரம் விளையாடட்டுமே. பிள்ளைக சந்தோஷமா இருக்குதுக."

படிக்க வேண்டியது இருக்கிறது என்று சொல்லி அழைத்து வந்துவிட்டேன்.

ஆற்றில் ஜமுக்காளத்தை நானே மடித்து என் தோளில் போட்டுக்கொண்டேன். அவனை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. படியேறும்போது, "உன்னைக் கீழ் வகுப்பிலேயே மறுபடி சேத்துவிடட்டுமா? உன் வயசுப் பிள்ளைகளோட இருக்கியா?" என்று கேட்டேன். மனப்பூர்வமாகத்தான் கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். எனக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்று தேடினான் என்று இப்போது தெரிகிறது.

"உங்க இஷ்டம்ப்பா" என்றான்.

ஒன்பது வயதுப் பிள்ளை சொல்கிற பதில் அல்ல அது. எனக்கு அப்போதே தெரியும். ஆனால் பள்ளியில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை என்பதால் அந்தப் பதில் எனக்கு வசதியாக இருந்தது. வீட்டில் மனைவி கேட்டபோது, "அவனே வேணாம்னுட்டான்" என்று சொன்னேன். அவனும் பக்கத்தில்தான் நின்றான்.

அதன்பின் பயப்படும்படி ஒன்றும் நடக்கவில்லை. படுக்கைப் பழக்கம் கொஞ்ச காலத்தில் நின்றது. குரல் உடைந்தது, மீசை வந்தது. அந்த வயதுப் பையன்கள் அப்பனோடு முறைத்துக்கொண்டு திரிவார்கள் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். இவன் ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசவில்லை. தங்கமான பிள்ளை என்று ஊர் சொன்னது. சிறிய வயதிலேயே கல்லூரி முடித்து, நல்ல உத்தியோகத்துக்குப் போய், வடக்கே இருந்து ஓய்வும் பெற்றுவிட்டான். அடுத்த இரண்டு பிள்ளைகளையும் வயது நிறையாமல் பள்ளிக்கு அனுப்ப மனைவி விடவில்லை. நானும் கேட்கவில்லை. அவர்கள் இருவரும் என்னோடு இன்றும் சண்டை போடுவார்கள். மூத்தவன் மட்டும் மருந்து சாப்பிட்டீர்களா, கண் எப்படி இருக்கிறது என்று முறையாக விசாரிப்பான். கேட்டு முடித்ததும் அவனுக்கும் எனக்கும் பேச ஒன்றும் இருக்காது.

இப்போது கே.கே. நகரில் மகள் வீட்டில் இருக்கிறேன். மாலையில் கீழே பிள்ளைகள் விளையாடும் சத்தம் என் அறை வரைக்கும் வரும். பேச்சு பழகிய நாளிலிருந்து உத்தியோகத்துக்குப் போன நாள்வரை மூத்தவனின் ஒவ்வொரு படியும் எனக்கு மனப்பாடம். ஆனால் அவன் தன் வயதுப் பிள்ளையாக இருந்ததை நான் ஒரே ஒரு தடவைதான் நின்று பார்த்தேன், அதையும் நானே உள்ளே போய் நிறுத்திவிட்டேன்.