மாமியார் பெட்டி

அந்த மருத்துவமனையில் அவளுக்குப் பெட்டியக்கா என்றுதான் பெயர். யாராவது தூக்கிப் போட்ட கம்ப்யூட்டரைக் கண்டால் போதும், இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்துவிடுவாள். ஸ்கேன் படங்களைக் காப்பது அவள் வேலை. இருந்த ஒரே சர்வர் ஒருநாள் மண்டையைப் போட்டது. புதிது கேட்டால் நிர்வாகம் கையை விரித்தது. மனுஷி அசரவில்லை. இரண்டு பழைய கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் ஏற்றி, மாடிக்கு ஒன்றாக வைத்து, எந்தப் படம் வந்தாலும் இரண்டிலும் பதியும்படி இலவச மென்பொருளால் முடிச்சுப் போட்டாள். ஒன்று படுத்தால் இன்னொன்று கொடுக்கும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஓடிய கேபிளை ஒரு எலி கடித்து வைத்தது. அவ்வளவுதான்! அடுத்தது செத்துப்போச்சு, இனி நான்தான் எல்லாம் என்று இரண்டும் தனித்தனியே படம் வாங்க ஆரம்பித்தன. மறுநாள் ஒரே நோயாளிக்கு இங்கே ஒரு படம், அங்கே ஒரு படம். எது கடைசியாக எடுத்தது? அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிட்டு மூளை டாக்டர் குதி குதியென்று குதித்தார்.

“இன்னொரு தடவை இப்படி ஆச்சு, பெட்டியும் இருக்காது, நீங்களும் இருக்க மாட்டீங்க!”

“தப்பு என்னோடதுதான் டாக்டர். ரெண்டு பேர் மட்டும் இருந்தா சண்டை தீராது. எங்க வீட்டுல நானும் அவரும் முறைச்சுக்கிட்டா, அத்தை யார் பக்கம் சாயறாங்களோ அதுதான் சட்டம்.”

“அதுக்கு?”

“இங்கயும் ஒரு மாமியாரைக் கொண்டாரப் போறேன்.”

கொண்டுவந்தாள். துணி துவைக்கும் அறை அலமாரியில் ஒரு சோப்ளாங்கி கம்ப்யூட்டர். அதில் ஒரு படமும் கிடையாது. எந்தப் படம் எப்போது வந்தது என்ற விவரம் மட்டும். மூன்றில் இரண்டு ஒத்துப்போனால்தான் இனி வேலை நடக்கும். தனியாகிப்போனது வாயை மூடிக்கொள்ள வேண்டும். ‘மாமியார், கை வைக்காதே’ என்று அதன் பிளக்கில் தாள் ஒட்டினாள். இஸ்திரி போடுகிறவர்கூட அந்தப் பக்கம் போகவில்லை.

ஒரு சின்னப் பெண்ணின் தலையில் கட்டி. அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே மேல்மாடிப் பெட்டியின் விசிறி நின்று, சூடேறி, பெட்டி அணைந்துபோனது. டாக்டர் முன்னால் இருந்த திரையில் படம் அப்படியே நின்றுவிட்டது. தன் அறைத் திரையில் அதைப் பார்த்த பெட்டியக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். ஐயோ, அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கீழ்மாடிப் பெட்டி மாமியாரைக் கேட்டது. மாமியார் சரி என்றது. படம் நகர்ந்தது.

சாயங்காலம் டாக்டர் அவள் அறை வாசலில் வந்து நின்றார்.

“பொண்ணு கண்ணு முழிச்சுட்டா. அம்மாவை அடையாளம் தெரியுது.” கொஞ்சம் தயங்கினார். “உங்க மாமியாருக்கு என் நன்றியைச் சொல்லிடுங்க.”

பெட்டியக்கா அழுதே விட்டாள். அவர் போனதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு துணி துவைக்கும் அறைக்கு ஓடினாள். சோப்ளாங்கியின் மேல் படிந்திருந்த சோப்புத் தூளைக் கையால் வழித்துவிட்டாள்.

“பொண்ணு பொழைச்சுட்டா அத்தை,” என்றாள்.