பிரேக் மாஸ்டர் மலையிடுக்குக்குத் திட்டம் போட்டது

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் காரில் இரண்டு பிரேக்குகள் உண்டு. ஒன்று கற்றுக்கொள்பவரின் காலடியில். இன்னொன்று பக்கத்து இருக்கையில் உட்காரும் பிரேக் மாஸ்டரின் காலடியில். அந்தக் காரில் முதலாவது பிரேக்குக்கு வேலையே இருந்ததில்லை.

எதிரே நாய் வந்தால் மாஸ்டர் மிதிப்பார். நாய் வரக்கூடிய சந்து வந்தால் மிதிப்பார். எப்போதோ ஒரு நாய் குறுக்கே வந்த இடம் இதுதான் என்று நினைவு வந்தாலும் மிதிப்பார். அவரிடம் கற்றவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். தெருவில் வண்டிகள் அனுமார் வால் மாதிரி நீண்டு நின்று ஹார்ன் அடித்தால், வரிசையின் தலையில் அவர்களில் ஒருவர் இருப்பார் என்று நம்பலாம். ஒருவரும் மூன்றாவது கியரைத் தாண்டியதில்லை. ஒருவரும் யார்மீதும் மோதியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், நியாயம் நியாயம்தான்.

இப்படிப்பட்டவர் மலையிடுக்கில் நடக்கப் போவதாகச் சொன்னது வாய் செய்த வேலை. ஒரு திங்கட்கிழமை காலையில், ஸ்டியரிங்கைக் குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்த பல் டாக்டரம்மா சும்மா பேச்சுக்குக் கேட்டார்.

"நேத்து மலையிடுக்குக்குப் போயிட்டு வந்தோம் மாஸ்டர். கால் ரெண்டும் கழண்டு விழுந்துடும் போல இருக்கு. நீங்க போயிருக்கீங்களா?"

"அடுத்த மாசம் போறதா இருக்கோம்," என்றது வாய். மனம் அப்போது எதிரே வந்த சைக்கிளைக் கவனித்துக்கொண்டிருந்தது. பிரேக் காரில்தான் இருந்தது, நாக்கில் இல்லை.

டாக்டரம்மா அதைப் பயிற்சிப் பள்ளி முதலாளியம்மாவிடம் சொன்னார். முதலாளியம்மா மெக்கானிக்கிடம் சொன்னார். மெக்கானிக் காருக்கு அடியில் படுத்தபடியே சிரித்ததில் நெற்றியை இடித்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் செய்தி மாஸ்டரின் அக்கா வீட்டு வரவேற்பறைக்கே போய்விட்டது. இனி போகாமல் இருந்தால் மானம் போகும். உரலுக்குள் தலையைக் கொடுத்தாயிற்று. ஆனால் உலக்கைக்குப் பயப்படாமல் இருக்க அவரால் ஆகுமா? ஆகாது. ஆகவே திட்டம் போட்டார்.

அந்த இடுக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு மலைகளுக்கு நடுவே ஓடை அறுத்துவைத்த வழி. காலையில் மேல்முனையில் இறங்கினால் பாறை, தண்ணீர், மறுபடி பாறை என்று நடந்து பொழுது சாய்வதற்குள் கீழ்முனையில் தார்ச்சாலைக்கு வந்துவிடலாம். ஊர்ப்பிள்ளைகள் தின்பண்டப் பொட்டலத்தோடு போய்விட்டு வருகிற இடம்தான். ஒரே ஒரு சங்கதி: நடுவழியில் ஒரு சறுக்குப் பாறை இருக்கிறது. அதில் உட்கார்ந்து சறுக்கி, கீழே இடுப்பளவு தண்ணீரில் விழ வேண்டும். விழுந்தபின் திரும்பி ஏற முடியாது. முன்னால் போவது ஒன்றுதான் வழி. போனில் அந்தப் பாறையின் படத்தை மாஸ்டர் பெரிதாக்கிப் பார்த்தார். சோபாவில் உட்கார்ந்திருந்த அவருடைய வலதுகால் தானாகத் தரையை அழுத்தியது.

குழுவில் நாலு பேர். தலைவர், மாஸ்டர். துணைத் தலைவர், அக்கா வீட்டுக்காரர்; உட்கார்ந்த இடத்தில் தூங்கக்கூடியவர் என்பதால் எதிர்ப்புக் கிளப்ப மாட்டார் என்ற நம்பிக்கை. மீதி இரண்டு பேர் மாஸ்டரின் மனைவியும் அக்காவும். மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். டாக்டர்களின் கிறுக்கலையே படித்துவிடுகிறவர் என்பதால் வரைபடத்தைப் பற்றி அவருக்குத் தனிக் கவலை இல்லை. அக்கா நீச்சல் குளத்தில் டிக்கெட் கொடுப்பவர். சதா சர்வகாலமும் யாரையாவது "ஓடாதீங்க, வழுக்கும்" என்று அதட்டி அதட்டி, வீட்டிலும் அதே குரல்தான்.

இந்த இரண்டு பெண்களுக்கும் பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிறது. காரணம் ஒரு சோபா. தம்பி புதுவீடு போனபோது அக்கா தன் பழைய சோபாவை ஆசையாகக் கொடுத்தாள். அது அந்த வீட்டு வாசலில் நுழையவில்லை. நுழையாத சோபாவை மனைவி பக்கத்துக் கட்டட வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டாள். ஒரு நாள் வாட்ச்மேன் அதில் காலை நீட்டிப் படுத்திருந்ததை அக்கா தன் கண்ணாலேயே பார்த்துவிட்டாள். அதோடு சரி.

இவர்களைத்தான் மாஸ்டர் ஜோடி சேர்த்தார். "மலையில ஜோடிமுறைதான் பாதுகாப்பு. ஒருத்தரை ஒருத்தர் கண்ணுல வெச்சுக்கணும்," என்றார். தனக்குத் துணைத் தலைவரை எடுத்துக்கொண்டார். மிச்சம் இருந்த இருவர் தானாகவே ஜோடி ஆனார்கள். இதில் உள்நோக்கம் எதுவும் கிடையாது. குடும்பத்தை ஒட்டவைக்க வேண்டும் என்கிற நினைப்பு அவருக்கு ஒரு நொடிகூட வரவில்லை. வந்திருந்தால் அதற்கும் ஒரு திட்டம் போட்டுக் கெடுத்திருப்பார்.

ஒத்திகைகள் ஆரம்பமாயின. முதல் ஒத்திகை அடுக்குமாடிப் படிக்கட்டில். முதுகில் பையைக் கட்டிக்கொண்டு நாலு பேரும் ஏறி இறங்கினார்கள். பையில் என்ன இருந்தது என்று கேட்காதீர்கள். என்ன இல்லை என்று கேட்டால் பதில் சீக்கிரம் முடியும். இரண்டாம் மாடிக்காரர் கதவைத் திறந்து, "வீடு காலி பண்றீங்களா? சொல்லவே இல்லையே," என்றார். அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தை மாஸ்டர் கவனிக்கவில்லை.

அடுத்தது விசில். ஒரு தடவை ஊதினால் நில். இரண்டு தடவை என்றால் ஆபத்து. மூன்று தடவை என்றால் நின்ற இடத்திலேயே உட்கார். போ என்பதற்கு மட்டும் விசில் வைக்கவில்லை. அது மறதி என்று மாஸ்டர் சொல்லிக்கொண்டார்.

பிறகு, ஊர்ப் பூங்காவில் கயிறு. ஜோடிகள் இடுப்பில் கயிறு கட்டி, செடிகளுக்கு நடுவே ஓடையில் நடப்பதாகப் பாவித்து நடக்க வேண்டும். துணைத் தலைவர் கயிறு கட்டியவுடன் புல்தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிவிட்டார். அவரோடு கட்டப்பட்ட மாஸ்டரால் நகர முடியவில்லை. இருந்த இடத்திலிருந்தே விசிலால் ஆண்டார். இரண்டு பெண்களும் ஆளுக்கொரு திசையைப் பார்த்தபடி ஒரே கயிற்றில் நடந்தார்கள். வாக்கிங் வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு கைக்குழந்தை கை தட்டியது.

மூன்றாவது சுற்றில், யாருக்கோ சொல்வதுபோல் அக்கா சொன்னாள்: "கயிறு இறுக்குது."

"எனக்கும்தான் அண்ணி," என்றாள் மனைவி. சோபாவுக்குப் பிறகு இருவருக்கும் நடுவே நடந்த முதல் பேச்சு அது.

"வீட்லயும் இப்படித்தானா இவன்?"

"வீட்ல கயிறு இல்ல. அவ்ளோதான் வித்தியாசம்."

மாஸ்டர் மூன்று தடவை ஊதினார். பெண்கள் உட்காரவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி அவரைப் பார்த்தார்கள். மாஸ்டர் அதை ஒழுக்கத்தின் முதல் அறிகுறி என்று எடுத்துக்கொண்டார்.

நாள் குறிக்கும் படலம் அதற்குப் பிறகு. மழை வரும் என்றார்கள், தள்ளிவைத்தார். மழை வரவில்லை, ஏமாற்றிவிட்டுப் பிறகு வரும் என்று மறுபடி தள்ளிவைத்தார். வெயில் அடித்தது, பாறை சுடும் என்றார். மேகம் போட்டது, வெளிச்சம் போதாது என்றார். புது ஷூ காலைக் கடித்தது. ஷூ பழகட்டும் என்றார். ஷூ பழகியதும் அடி தேய்ந்துவிட்டதா என்று சந்தேகம் வந்தது. முன் வைத்த காலைப் பின் வைக்காதவர் என்று அவரைத் தாராளமாகச் சொல்லலாம். முன்னால் ஒரு கால் வைத்திருந்தால்தானே.

இதற்குள் வீட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. மனைவி போனில் குரலைத் தாழ்த்திப் பேசிச் சிரித்தாள். "யாரு?" என்று கேட்டால், "அண்ணிதான். விசில் பத்திப் பேசிட்டிருக்கோம்," என்பாள். மாஸ்டருக்கு மனம் குளிர்ந்தது. குழு தயாராகிறது!

ஒரு புதன்கிழமை, விடியுமுன்பே வகுப்புக்குக் கிளம்பிப் போனவர் மதியம் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது கதவு பூட்டியிருந்தது. மனைவிக்கு அன்று விடுமுறை. போன் போட்டார், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அக்காவுக்குப் போட்டார், அவளும் எல்லைக்கு வெளியே. துணைத் தலைவருக்குப் போட்டார். வெகுநேரம் மணி அடித்தபின் தூக்கம் கலையாத குரல் வந்தது.

"அத்தான், அக்கா எங்க?"

"காலைல முதல் பஸ்லயே கிளம்பிட்டாங்களேப்பா, ரெண்டு பேரும்."

"எங்க கிளம்பிட்டாங்க?"

"அதான், உன் இடுக்குக்கு. உனக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்."

மாஸ்டர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். ஆபத்து என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவரே வகுத்த விதி ஒன்று உண்டு: முதலில் தலைவருக்குத் தெரிவிக்க வேண்டும். தலைவருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்தது என்ன என்பதைப் பற்றி விதி வாய் திறக்கவில்லை. சறுக்குப் பாறையில் மனைவி தலைகீழாக விழுவதும், காப்பாற்றப்போன அக்கா மேலே விழுவதும் கண்ணுக்குள் மாறிமாறி ஓடின. அவர் மிதிக்க முடியாத தூரத்தில் எல்லாம் நடந்துகொண்டிருந்தது.

பள்ளிக்கு ஓடி, சாவியை எடுத்துக்கொண்டு, "குடும்பத்துல ஒரு அவசரம்," என்றார். முதலாளியம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையாலேயே போகச் சொன்னார். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து மலைச்சாலையில் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கூரைமேல் 'பயிற்சி வாகனம்' என்ற பலகையோடு அந்தக் கார் வளைவுகளில் ஏறியதைப் பார்த்த லாரிக்காரர்கள் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். வழியில் ஒரு நாய்கூடக் குறுக்கே வந்தது. மாஸ்டர் பிரேக்கைத் தொடாமல் வளைத்து ஓட்டிப் போனார். அப்படிச் செய்தது அவருக்கே தெரியாது.

கீழ்முனையில் ஒரு தேநீர்க்கடை. அதன் பெஞ்சில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியவற்றை மனதுக்குள் அடுக்கினார். பொறுப்பின்மை, தலைமைக்குக் கட்டுப்படாமை, வீட்டுக்காரன் உயிரோடு விளையாடுதல். நல்ல உரை. தேநீர் ஆறி ஆடை கட்டியது.

வெயில் மஞ்சளாகும்போது சிரிப்புச் சத்தம் முதலில் வந்தது. பின்னால் இரண்டு பேர் வந்தார்கள். இடுப்புக்குக் கீழே சேறு. அக்காவின் ஒரு காலில் செருப்பு இல்லை. மனைவியின் தோளைப் பிடித்துக் கொக்கு மாதிரி நொண்டிக்கொண்டு வந்தாள். மனைவியின் தலைமுடியில் இலை ஒன்று ஒட்டியிருந்தது. இவ்வளவு அழகாக அவளை எப்போது பார்த்தோம் என்ற நினைப்பு, உரையின் முதல் வரியை அடித்துக்கொண்டு போய்விட்டது.

"அட, கார் வந்திருக்கு அண்ணி!" என்றாள் மனைவி. "பஸ்ஸுக்கு நிக்க வேண்டாம்."

"நல்லதாப் போச்சு. டேய் தம்பி, பின்கதவைத் திற," என்றாள் அக்கா.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றார் மாஸ்டர். உரையில் மிஞ்சியது அவ்வளவுதான். அதிலும் குரல் உடைந்துவிட்டது.

மனைவி சிரிப்பை நிறுத்தினாள். "சொல்லியிருந்தா போயிருக்க மாட்டோங்க. நீங்களும் போயிருக்க மாட்டீங்க. ரொம்பப் பயந்துட்டீங்களா?"

மாஸ்டர் அவள் தலையிலிருந்த இலையை எடுத்துப்போட்டார். வீடு வரும்வரை பின்சீட்டில் பேச்சு ஓயவில்லை. சோபா வாசலில் நுழையாமல் நின்ற கதையை மனைவி சொல்ல, வாட்ச்மேன் படுத்திருந்த கோலத்தை அக்கா நடித்துக்காட்ட, இருவரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். அவர் டிரைவராக மட்டும் இருந்தார்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கேட்கவில்லை, முந்தின நாள் சாப்பிடும்போது சொன்னார்கள், அவ்வளவுதான். பை ஒன்றே ஒன்று. விசிலை மனைவி மேஜைமேலேயே வைத்துவிட்டு வந்தாள். துணைத் தலைவர் தேநீர்க்கடை பெஞ்சைக் காவல் காக்கும் பொறுப்பை ஏற்றார்.

சறுக்குப் பாறை படத்தில் இருந்ததைவிடச் சின்னது. அக்கா முதலில் போனாள், மனைவி அடுத்து. மாஸ்டர் மேலே உட்கார்ந்து பக்கத்துப் பாறையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பின்னால் காத்திருந்த கல்லூரிப் பிள்ளைகள், "அங்கிள், போறீங்களா இல்ல வழி விடறீங்களா?" என்றார்கள்.

"கையை விடுங்க," என்றாள் மனைவி கீழேயிருந்து.

"விட்டா போயிடுவேன்!"

"அதுக்குத்தான் விடச் சொல்றோம்!" என்றாள் அக்கா.

விட்டார். அவர் போட்ட கூச்சலில் மேலே புறாக்கள் கலைந்து பறந்தன. தண்ணீரில் முழுகி, மூக்கில் நீர் ஏறி, இருமிக்கொண்டே எழுந்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வெட்கமில்லாத, கெக்கலிப்பான சிரிப்பு. கட்டிக்கொண்ட நாளிலிருந்து மனைவி அப்படி ஒரு சிரிப்பை அவரிடம் கேட்டதில்லை. அக்காவோ, அவன் ஏழு வயசில் ஊஞ்சலிலிருந்து விழுந்ததற்கு முன்னால் கேட்டதாகச் சொன்னாள்.

கொஞ்ச தூரம் நடந்ததும் ஓடை இரண்டாகப் பிரிந்தது.

"இதுல எந்தப் பக்கம்?" என்று கேட்டார், முகத்தைத் துடைத்தபடி.

மனைவி அக்காவைப் பார்த்தாள். அக்கா மனைவியைப் பார்த்தாள்.

"அன்னைக்குப் பேசிக்கிட்டே வந்துட்டோமா," என்றாள் அக்கா, "கவனிக்கல."

மாஸ்டரின் வலதுகால் தண்ணீருக்குள் எதையோ அழுத்தப் பார்த்தது. அடியில் மணல்தான் இருந்தது, கால் புதைந்தது. அவர் அதை உருவி எடுத்துக்கொண்டு, இடப்பக்கம் நடந்துகொண்டிருந்த பெண்களுக்குப் பின்னால் போனார்.