மௌரீன் ஆன்ட்டியின் வெள்ளை உல்லன்

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் மாடி அறை ஒன்று காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு நான் போனது 1998 ஜூன் மாதம். கிரில் கதவைத் திறக்காமலே வீட்டுக்கார மௌரீன் ஆன்ட்டி என்னை விசாரித்தார். அரூர் பக்கத்துக் கிராமம், விலங்கியலில் பி.எஸ்சி., எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி, கோழித் தடுப்பூசி விற்கும் கம்பெனியில் வேலை என்று எல்லாவற்றையும் சொன்னேன். பட்டத்தை நான் அழுத்திச் சொன்னது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. என் ஸ்வெட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுத்தக் கம்பளியா என்று கேட்டார். ஆமாம் என்றேன், பிளாட்பாரத்தில் விற்றவன் அப்படித்தான் சொல்லியிருந்தான். கம்பி வழியாகக் கையை நீட்டி, என் கைமடிப்பில் தொங்கிய இழையைச் சுண்டி இழுத்துத் தீக்குச்சியால் கொளுத்தினார். இழை உருகிக் கறுப்பு மணியாக இறுகியது.

"பிளாஸ்டிக். உன்னை ஏமாத்திட்டான் மேன். நீ என்னை ஏமாத்தாம இருந்தா சரி" என்று சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறந்தார்.

நிஜக் கம்பளி எரிந்தால் முடி கருகும் நாற்றம் வரும். நசுக்கினால் சாம்பலாக உதிரும். செயற்கை நூலான அக்ரிலிக் உருகும். இந்த ஒரு சோதனையைத் தவிர உலகத்தில் எதையும் ஆன்ட்டி நம்பியதில்லை. கடைக்காரர் வார்த்தையை நம்ப மாட்டார், லேபிளை நம்ப மாட்டார், பெற்ற மகன் டிரேவரையும் நம்ப மாட்டார்.

டிரேவர் மேல் சந்தேகப்படக் காரணம் இருந்தது. அவன் முன் அறையில் பிரவுசிங் சென்டர் வைக்க நினைத்தான். அந்த அறை முழுக்க நூல். ஆன்ட்டியின் கணவர் தியோடர் ரயில்வேயில் இருந்தவர். மாற்றலாகிப் போன ஊரிலிருந்தெல்லாம் மனைவிக்கு நூல் வாங்கி வந்திருக்கிறார். அவர் இறந்த பிறகு ஆன்ட்டியே வாங்கிச் சேர்த்தார். பழைய ஸ்வெட்டர்களைப் பிரித்தும் சேர்த்தார். அலமாரி, பிஸ்கட் டின், சாக்குப்பை, கட்டிலுக்கு அடியில் என்று எங்கு கை வைத்தாலும் நூல்தான். ஒரே ஒரு டிரங்குப் பெட்டி அளவு வைத்துக்கொள்ளலாம், மிச்சத்தைச் சர்ச்சில் நடக்கும் தர்ம விற்பனைக்குக் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் எல்லாம் பழைய பேப்பர்காரனுக்குத்தான் என்று டிரேவர் சொல்லிவிட்டான்.

ஆன்ட்டிக்கு மற்ற நிறங்கள் போனால் போகட்டும் என்றிருந்தது. வெள்ளை மட்டும் போகக்கூடாது. மருமகள் கேரல் அப்போது கர்ப்பமாக இருந்தாள். அவர்கள் குடும்பத்தில் குழந்தையை ஞானஸ்நானத்துக்குத் தூக்கிப் போவது பாட்டி பின்னிய வெள்ளை ஷாலில்தான். இந்தக் குழந்தைக்குப் பாட்டிகள் இரண்டு பேர். கேரலின் அம்மா ஜோசஃபின் இரண்டு தெரு தள்ளி இருந்தார். அவரும் கொக்கி ஊசியில் அழகாகப் பின்னுவார். ஆன்ட்டியின் பயமெல்லாம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நூலை வகைவகையாகப் பிரித்தோம். கருகல் நாற்றம் கேரலுக்குக் குமட்டியதால் தீக்குச்சி கிழிக்கும் வேலை எனக்கு வந்தது. குமட்டல் உண்மையா, அம்மாவுக்காக வேவு பார்க்காமல் இருப்பதாகக் காட்டிக்கொள்ளும் நடிப்பா என்று ஆன்ட்டி என்னிடமே கேட்டார். வைத்துக்கொள்வது, கொடுத்துவிடுவது, சந்தேகம் என்று மூன்று குவியல். சந்தேகக் குவியல்தான் கூரையைத் தொடப் பார்த்தது. பாதி எரிந்து பாதி உருகும் கலப்பு நூல்களை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து, விற்றவர்களின் மூன்று தலைமுறையைத் திட்டிவிட்டுத் தூக்கிப் போட்டார். ஜூலை முடிவதற்குள் பிரித்தெடுத்த பழைய கம்பளி, புது நூல் சிட்டம், வெள்ளை உருண்டைகள் என்று சுத்தக் கம்பளி மட்டும் பெட்டிக்குள் போனது. பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். மூடியின் கொக்கியில் சிவப்பு நூலால் அவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு முடிச்சும் போட்டார்.

மழை விட்டதும் கம்பளியை வெயிலில் காயப்போடுவது வழக்கம். அந்த வருடம் போடவில்லை. மொட்டை மாடியில் விரித்தால் ஜோசஃபின் வீட்டிலிருந்து தெரியுமாம். பிஞ்சுக் குழந்தை போர்த்தப்போவது என்பதால் அந்துருண்டையும் போடவில்லை.

அக்டோபரில் ஷால் ஆரம்பிக்கப் பெட்டியைத் திறந்தார். வெள்ளை உருண்டையின் நுனியை இழுத்தால் ஒரு முழம் வந்து அறுந்தது. மறுபடி இழுத்தால் அரை முழம். உருண்டைக்கு உருண்டை அப்படித்தான். சத்தம் கேட்டு நான் கீழே இறங்கியபோது கேரல் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள்.

"கத்திரிக்கோல் போட்டுக் கண்டம் கண்டமா வெட்டிக்கீறே. உங்கம்மா ஷால் ரெடியாயிடுச்சா?"

"சாவி உங்க கழுத்துல இருக்கு மம்மி. முடிச்சும் நீங்க போட்டதுதான். அவுந்திருந்துச்சா?"

"சிவாஜிநகர்ல பத்து நிமிஷத்துல சாவி போட்டுத் தர்றான். முடிச்சு இன்னா பெரிய முடிச்சு, பார்த்துப் பார்த்துக் கத்துக்க முடியாதா?"

உண்மையைச் சொன்னால் எனக்கும் கேரல் மேல்தான் சந்தேகம். இரண்டு நாள் முன்புதான் அவள் பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்திருந்ததைப் பார்த்திருந்தேன். பெட்டியில் சாய்ந்து கால் வீக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்ததாக அவள் சொன்னாள். ஆன்ட்டி வேண்டுமென்றே சிரித்தார்.

பெட்டியின் அடியில் மணல் மாதிரி ஏதோ கிடந்தது. கையில் எடுத்து ஜன்னலோரம் கொண்டுபோனேன். அதில் அரிசி நொய் அளவில் ஒரு வெள்ளைப் புழு நெளிந்தது. கம்பளி தின்னும் அந்துப்பூச்சியின் புழு; மணல் மாதிரி இருந்தது அதன் எச்சம். பிரித்தெடுத்த பழைய கம்பளியோடு உள்ளே போயிருக்க வேண்டும். முன்பு தனித்தனி டின்னில் இருந்தவரை ஒன்றோடு போயிருக்கும். இப்போது அதற்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கி, ஒரே இடத்தில் இருட்டில் பூட்டிக் கொடுத்திருந்தோம்.

ஆன்ட்டி நம்பவில்லை. நான் கேரல் பக்கம் சேர்ந்துவிட்டேன் என்றார். அவருக்குச் சோதனைதான் பாஷை என்பதால், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் அந்தப் புழுக்களைப் போட்டு, ஒரு துண்டு வெள்ளைக் கம்பளியும் ஒரு துண்டு அக்ரிலிக்கும் உள்ளே வைத்தேன். மூடியில் ஓட்டை போட்டதும் அவர்தான், தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்ததும் அவர்தான். அந்த நாட்களில் கேரல் சமைத்ததை அவர் தொடவில்லை. ரொட்டி வாங்கி வரச் சொல்லி என்னைத்தான் அனுப்பினார்.

அடுத்த வாரம் கம்பளித் துண்டு அரிபட்டு இழை இழையாகக் கிடந்தது. அக்ரிலிக் போட்டபடியே இருந்தது. ஆன்ட்டி பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. "அவளை வரச் சொல்லு. தண்ணிக் கிண்ணத்தோட" என்றார்.

வெள்ளை நூல் மொத்தத்தையும் வெயிலில் உதறிச் சுத்தம் செய்த பிறகு வேலை ஆரம்பமானது. அறுந்த சுத்தக் கம்பளியைச் சேர்க்க முடிச்சு தேவையில்லை. இரண்டு நுனியையும் பிரித்து ஒன்றன்மேல் ஒன்று வைத்து, தண்ணீர் தொட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே சூடேறும்வரை உருட்டினால் ஒட்டிப்போகும். ஆன்ட்டியின் கைகளில் வாதம். அழுத்தி உருட்ட முடியாது. நிறைமாத வயிற்றோடு கேரல் உருட்டினாள், ஆன்ட்டி சுற்றினார். ஒட்டிய இடம் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உருண்டையில் ஏற்றினார்.

"உள்ளே கொண்டுபோய் உட்கார்ந்து பண்றேன் மம்மி. இடுப்பு வலிக்குது."

"இங்கேயே பண்ணு. தலகாணி வேணும்னா தர்றேன்."

தலையணையை அவரே எழுந்துபோய் எடுத்துவந்து கேரலின் முதுகுக்குப் பின்னால் வைத்தார். நூல் உருண்டையையும் கையோடு எடுத்துக்கொண்டே போய் வந்தார்.

ஜனவரியில் ஞானஸ்நானம். ஷால் நினைத்ததில் முக்கால் பங்குதான் வந்தது; குழந்தையின் கால் வெளியே தெரிந்தது. ஜோசஃபின் அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல், தான் பின்னி எடுத்துவந்த ஷாலைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று ஆன்ட்டி வீடு திரும்பும் வழியெல்லாம் என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தார்.

நான் 2001-இல் கல்யாணமாகி மல்லேஸ்வரத்துக்கு வந்துவிட்டேன். மௌரீன் ஆன்ட்டி அதே வீட்டில் பின் அறையில் இருக்கிறார். கேரல் ஒரு பள்ளியில் வேலைக்குப் போகிறாள். மாலையில் அவள் திரும்பும்வரை குழந்தை ஆன்ட்டியிடம்தான் இருக்கிறது.