செல்லாத்தாளின் வேன் மேட்டில் நின்ற கதை

காங்கேயத்தில் தமிழ்வேந்தன் வைக்கிற சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டுப் பேர் சொல்லாதவர்கள் இல்லை. காதுகுத்து, வளைகாப்பு என்று சின்ன விசேஷமாக இருந்தால் அவர் தன் கொட்டகையிலேயே சமைத்து அனுப்பிவிடுவார். அந்தச் சாம்பார் சூடு ஆறாமல் போய்ச் சேருவது யார் புண்ணியம் என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை. நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். செல்லாத்தாள் புண்ணியம். நாற்பத்தேழு வயது, ஒல்லி உடம்பு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பழைய வெள்ளை வேனை ஓட்டுகிற பெண்பிள்ளை.

அதற்கு முன்னால் அவள் கொப்பரைக் களத்தில் இருந்தாள். தேங்காய் உடைப்பது, காயப்போடுவது, மழை மேகம் கண்டால் ஓடி ஓடி அள்ளுவது. வெயிலில் மண்டை காய்ந்து, கையெல்லாம் கீறலாகக் கிடந்த காலம் அது. மகளிர் குழுவில் டிரைவிங் சொல்லித் தருகிறார்கள் என்றதும் கூட்டமாகப் பேர் கொடுத்தார்கள். முதல் வாரத்திலேயே பாதிப் பேர் பயந்து நின்றுகொண்டார்கள், மீதிப் பேரை வீட்டுக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். கடைசியில் லைசென்ஸ் எடுத்தது செல்லாத்தாள் மட்டும்தான். கறவை மாடு இரண்டையும் கொடுத்துவிட்டு இந்த வேனைப் பிடித்தாள். பால் கறக்கிறதை விற்று ஓட்டை உடைசலை வாங்கியிருக்கிறாளே என்று ஊர் வாய் பேசத்தான் செய்தது. பேசட்டுமே. ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்துவிட்டால் அவளுக்கு வேறு சுகம் எதுவும் வேண்டியதில்லை. இதை அவளே நாலு பேரிடம் சொல்லுவாள், வெட்கமே இல்லாமல்.

வீட்டுக்காரர் நஞ்சுண்டன் எண்ணெய் மில்லில் டின் அடைக்கிற வேலை பார்க்கிறார். சைக்கிளைத் தாண்டி எதையும் ஓட்டியதில்லை. ரோடு என்றாலே அவருக்கு ஆகாது. பேச்சும் ஆகாது. அவரிடம் ஒரு வார்த்தை வாங்குவதற்குள் ஒரு படி கடலையை உடைத்துவிடலாம். செல்லாத்தாள் லைசென்ஸைக் கொண்டுவந்து காட்டியபோது திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ம்" என்றார். அவ்வளவுதான்.

மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி உள்ளூருக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருந்த வரைக்கும் வண்டிக்கும் ஒன்றுமில்லை, அவருக்கும் ஒன்றுமில்லை. போன தை மாசம் தமிழ்வேந்தன் கூப்பிட்டு வேலை கொடுத்தார். அன்றிலிருந்து சென்னிமலை ரோடு, ஊத்துக்குளி ரோடு என்று வெளியோட்டம். லாரியும் பஸ்ஸும் உரசிக்கொண்டு போகிற ரோடுகள். நஞ்சுண்டன் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. விடிகாலையில் எழுந்து குளித்து, கல்லில் சந்தனம் உரசி, வேனுக்குப் பொட்டு வைக்க ஆரம்பித்தார். ஆயுத பூஜைக்கு வைப்பது எல்லா ஊரிலும் உண்டு. இவர் தினமும் வைத்தார். முன் கண்ணாடிக்கு ஒன்று, லைட்டுகளுக்கு ஒவ்வொன்று, ஸ்டியரிங்குக்கு, சக்கரங்களுக்கு, பக்கவாட்டில் இருக்கிற பெட்ரோல் மூடிக்கு. நேற்று வைத்ததைத் துடைக்கவும் மாட்டார், சாமி பொட்டை அழிக்கலாமா? அதன் மேலேயே இன்றைக்கு ஒன்று.

"ஏனுங்க மாமா, வண்டி கல்யாணப் பொண்ணாட்ட இருக்குதுங்க" என்று செல்லாத்தாள் சிரிப்பாள்.

"ம்" என்பார் அவர்.

ஆடி முடிந்ததும் கோளாறு ஆரம்பித்தது. காங்கேயத்திலிருந்து கிளம்பும்போது வேன் குதிரை மாதிரி போகும். பாதி வழி தாண்டி ஒரு மேடு வந்ததும் ஆக்சிலேட்டரை மிதித்தாலும் இழுக்காது. யாரோ பின்னாலிருந்து பிடித்து வைத்திருப்பது போலத் திணறும், இரண்டு உதறு உதறும், நின்றுவிடும். கொஞ்ச நேரம் அப்படியே விட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். அதுவும் தினமும் கிடையாது. இரண்டு நாள் நன்றாக ஓடும், மூன்றாம் நாள் காலை வாரிவிடும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் அமீர் ஹம்சாவிடம் கொண்டுபோனாள். நல்ல வேலைக்காரர், வாயும் கொஞ்சம் நீளம். பெட்ரோல் முள் எப்போதோ செத்துப்போன வண்டி என்பதால், வந்ததும் டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டு அளவு பார்ப்பார், மோந்து பார்ப்பார். அப்புறம்தான் மற்றதெல்லாம். பிளக்கை மாற்றினார். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார். ஃபில்டர் மாற்றினார். பம்பையும் மாற்றிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் ஊரைச் சுற்றி ஓட்டிவிட்டு வந்து, "அக்கா, வண்டி கல்லாட்ட இருக்குதுங்க" என்பார். மெக்கானிக்கைக் கண்டால் மட்டும் அது நல்ல பிள்ளை ஆகிவிடும். செல்லாத்தாளிடம் வந்தால்தான் வேதாளம் முருங்கை மரம் ஏறும்.

"உங்களுக்குத்தான் ஓட்டத் தெரியலையோ என்னமோ" என்று அமீர் ஒருநாள் வாய்விட்டுவிட்டார்.

செல்லாத்தாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "ஏனுங்க தம்பி, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதை எனக்குந் தெரியுமுங்க. வண்டி நிக்கறப்ப நீங்க பக்கத்துல இருந்து பார்த்திருக்கறீங்களா?"

அமீருக்கு அது சுருக்கென்று தைத்தது.

வீட்டிலோ, இது கண் திருஷ்டியேதான் என்று நஞ்சுண்டன் முடிவுகட்டிவிட்டார். வாயால் சொல்லவில்லை, சந்தனத்தின் பருமனைப் பார்த்தால் தெரியும். ஒரு விரலால் தொட்டு வைத்துக்கொண்டிருந்தவர் மூன்று விரலால் அப்ப ஆரம்பித்தார். வண்டி நிற்க நிற்கச் சந்தனம் ஏறியது.

ஐப்பசியில் ஒரு வளைகாப்புக்குப் போன சாப்பாடு தாமதமாகிவிட்டது. பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவர்கள் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தமிழ்வேந்தன் நல்ல மனுசர், அன்றைக்கு ஏச்சு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் கூப்பிட்டுச் சொன்னார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. விருந்துக்கு வந்த ஒரம்பரைய இலையில உக்கார வெச்சுட்டு நான் என்ன பதில் சொல்றது? இன்னொருக்கா நின்னுதுன்னா வேற வண்டி சொல்லிக்கறனுங்க."

தப்பாக நினைக்க அதில் என்ன இருக்கிறது? நியாயம்தானே. ஆனால் செல்லாத்தாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இந்த ஓட்டம் போய்விட்டால் வண்டிக்கு வேலை கிடையாது. வண்டி போனால் மறுபடியும் களம், வெயில், தேங்காய். உடம்புக்கு முடியாது என்றில்லை. மனசுக்கு முடியாது. அன்றைக்கு அவள் சோறு இறங்காமல் எழுந்துவிட்டாள்.

அடுத்த ஓட்டம் சென்னிமலைக்கு இந்தப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் காதுகுத்து. கொட்டகையில் அண்டாக்களை ஏற்றும்போது அமீர் ஹம்சா வந்து நின்றார்.

"அக்கா, நானும் வாரனுங்க. நீங்க கேட்டது நாயந்தான், நின்ன வண்டிய நான் ஒருநாளும் பார்க்கலை. இன்னிக்கு எதையும் தொட மாட்டேன். அதும்பாட்டுக்கு நிக்கட்டும், நின்ன எடத்துல பார்ப்போம்."

"சாம்பாரோடயா நிக்கோணும்?" என்றாள் செல்லாத்தாள். ஆனாலும் கதவைத் திறந்துவிட்டாள். வேறு வழி?

ஊர் எல்லையிலேயே டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டார்கள். பங்க்காரர் மூடியைத் திருகி அடைத்தார். வண்டி ஜம்மென்று போனது. அமீர் காதை எஞ்சினிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மேடு வந்தது. திணறியது, உதறியது, நின்றது. பின்னால் சாம்பார் அண்டா ஒருமுறை அலம்பி அடங்கியது.

"நின்னுபோச்சு, பார்த்துக்கங்க" என்றாள் அவள். அழுகை வரும்போல இருந்தது, அடக்கிக்கொண்டாள்.

அமீர் இறங்கி எஞ்சினைப் பார்த்தார். கார்புரேட்டருக்குப் போகிற குழாயைக் கழற்றி, ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னார். பெட்ரோல் சொட்டுக்கூட வரவில்லை. "இப்பத்தான டேங்க் நெரப்புனோம்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு குழாயை மாட்டினார். பக்கவாட்டுக்கு வந்து மூடியைத் திருகினார். திருகியதும் உள்ளேயிருந்து "உஸ்ஸ்" என்று நீளமாக ஒரு சத்தம் வந்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் செல்லாத்தாள் இறங்கி வந்துவிட்டாள். வெயிட்டை எடுக்காமல் ஆறவிட்ட குக்கரைத் திறந்தால் இதே மாதிரிதான் காற்றை உள்ளே இழுக்கும். தினமும் கேட்கிற சத்தம்.

"தம்பி, டேங்க் உள்ள காத்துப் போறதுக்கு வழி இருக்கோணுமுங்களா?"

"இருக்கோணுமுங்க. பெட்ரோல் கொறையக் கொறையக் காத்து உள்ள போகோணும். இல்லீன்னா டேங்க் பெட்ரோலை உடாம இழுத்துப் புடிச்சுக்கும். இந்த மூடி நடுவுலதான் ஒரு சின்ன ஓட்டை..." என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திருப்பிய அமீர் பாதியில் நிறுத்திவிட்டார்.

ஓட்டை எங்கே இருக்கிறது? மூடியின் மேல் சந்தனம் காரை பூசினதுபோல் அப்பிக் கிடந்தது. மஞ்சள் மேல் மஞ்சள், நடுவில் குங்குமம். அன்றன்றைக்கு வைத்தது காய்ந்து வெடித்த நாளில் அந்த விரிசல் வழியாகக் காற்றுப் போயிருக்கிறது, வண்டி ஓடியிருக்கிறது. புதிதாக அப்பினது விரிசலையெல்லாம் மூடிய நாளில் மூச்சு அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது, எப்படியோ காற்றுக் கசிந்து உள்ளே போனதும் மறுபடி ஓடியிருக்கிறது. பட்டறைக்குப் போன ஒவ்வொரு நாளும் அமீர் முதல் வேலையாக மூடியைத் திறந்து காற்றை உள்ளே விட்டுவிட்டார். அப்புறம் ஊரைச் சுற்றுகிற தூரத்துக்கு அது எங்கே நிற்கும்? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, அது இதுதான்.

அமீர் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். "நாந்தானுங்க முட்டாளு. இத்தனை நாளும் இந்த மூடியத்தான் கையில புடிச்சிருக்கறேன்."

செல்லாத்தாள் வளையலில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்தாள். மூடியை வாங்கி, சந்தனத்தை நகத்தால் பெயர்த்து, ஓட்டையில் ஊக்கை விட்டுக் குத்திச் சுத்தம் செய்தாள். வாயருகே வைத்து ஊதிப் பார்த்தாள். காற்றுப் போனது. மூடியை மாட்டி வண்டியை எடுத்தார்கள். மேடு என்று ஒன்று இருந்ததே தெரியவில்லை. காதுகுத்து வீட்டில் குழந்தை அழுது ஓயும் முன்பே சாம்பார் இறங்கிவிட்டது.

தமிழ்வேந்தனும் அங்கேதான் இருந்தார். "என்னுங்கக்கா, கோளாறு ஆப்ட்டுதா?" என்று கேட்டார்.

"காத்துப் போற ஓட்டை அடைச்சிருந்துச்சுங்க. எடுத்துப்போட்டோம். இனி நிக்காதுங்க" என்றாள். யார் அடைத்தது என்று அவள் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற அமீரும் எங்கேயோ பார்த்துக்கொண்டார்.

"அப்ப வர்ற முகூர்த்தமெல்லாம் நீங்கதானுங்க" என்றார் தமிழ்வேந்தன். செல்லாத்தாள் அன்றைக்கு இரண்டு பாயசம் வாங்கிக் குடித்தாள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அவளுக்குச் சந்தோஷமும் கோபமும் மாறி மாறி வந்தது. வீட்டுக்குப் போனதும் மனுசனை ஒரு பிடி பிடிப்பது என்று முடிவு செய்துகொண்டாள். நஞ்சுண்டன் வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நின்னுதா?" என்றார்.

"நின்னுதுங்க. உங்கற சந்தனந்தானுங்க நிறுத்துச்சு" என்று ஆரம்பித்து, டேங்கு, ஓட்டை, காற்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். அவர் வேனின் பக்கத்தில் போய் மூடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். திரும்பியபோது முகம் செத்திருந்தது.

"உன்ற பொழப்ப நானே கெடுக்கப் பார்த்தனா, அம்மணி?"

அதைக் கேட்டதும் பிடிக்க வந்த பிடியெல்லாம் அவளுக்கு நழுவிப்போனது. "அட, உடுங்க மாமா. கண்ணாடிக்கு வையுங்க, ஸ்டியரிங்குக்கு வையுங்க. மூடிய மட்டும் உட்டுருங்க" என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் நஞ்சுண்டன் குளித்துவிட்டு வந்தார். சந்தனக் கல் பக்கமே போகவில்லை. செல்லாத்தாள் ஏறி உட்கார்ந்து எஞ்சினைப் போட்டாள். அவர் வந்து சன்னலைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. அந்தக் கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை போல.

"என்னுங்க மாமா?"

"லாரிக்காரன் பார்க்காம வருவான்" என்றார். ரோட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டே, "நீ ஊடு வந்து சேர்ற வரைக்கும் எனக்கு மில்லுல கையி ஓடறதில்ல, அம்மணி. நெம்பப் பயமாக் கெடக்குது. பார்த்துப் போயிட்டு வா" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவர் ஒரே தடவையில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. செல்லாத்தாள் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள்.

"வண்டிச் சத்தத்துல கேக்கலீங்க" என்றாள். "இன்னொருக்கா சொல்லுங்க."

கேட்காமல் என்ன, நன்றாகவே கேட்டிருந்தது. அவருக்கும் அது தெரியும். தெரிந்தும் இன்னொரு தடவை சொன்னார்.